வண்டியில் குறை இல்லை

ஃபேன் தொழிற்சாலையில் அவருக்கு ‘ரிஜெக்ட் சார்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். தெரிந்ததில் வருத்தமும் இல்லை. ஒரே வேலையை வருஷக்கணக்காகச் செய்கிற மனுஷனுக்கு அந்த வேலையே பெயராகிவிடுவது எங்கும் நடப்பதுதான்.

அவர் வேலை இதுதான். பாகமெல்லாம் பூட்டி முடிந்த ஃபேன்களை, பெட்டியில் போடுவதற்கு முன்னால், ஒரு சின்ன அறையில் கொக்கியில் மாட்டி ஓடவிடுவார்கள். சுவர், கூரை, கதவு எல்லாவற்றிலும் தடித்த பஞ்சு அடித்த அறை. வெளியே இடி விழுந்தால்கூட உள்ளே கேட்காது. ஓடுகிற ஃபேனுக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு அவர் நிற்பார். பேரிங் லேசாகக் கிர்ரென்றால் அவருக்குத் தெரிந்துவிடும். இறக்கை எங்கோ ஒரு நூலளவு வளைந்து டக் டக்கென்றாலும் தெரிந்துவிடும். நீங்களும் நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாலும் கேட்காத முனகல் ஒன்று உள்ளேயிருந்து வரும், அதுவும் அவருக்குக் கேட்கும். பாம்புச்செவி. கேட்ட மாத்திரத்தில் சிவப்புச் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டு ஓரமாகத் தள்ளச் சொல்லிவிடுவார். எங்கேயும் உராயாமல் சத்தம் வராது என்பார். சத்தம் இருந்தால் குறை இருக்கிறது. சத்தம் இல்லையென்றால் எல்லாம் நன்றாக ஓடுகிறது. அவருடைய தத்துவம் மொத்தமும் இவ்வளவுதான்.

இந்தத் தத்துவத்தை வேலை முடிந்ததும் சட்டையோடு சேர்த்து ஆணியில் மாட்டிவிட்டு வந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. மனுஷன் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

வீட்டில் மனைவி, கல்லூரிக்குப் போகும் மகள், இரண்டே பேர். அவர் அவர்களை அடித்ததில்லை, அதட்டியதுகூட இல்லை. முகத்தைச் சுளிப்பார், அவ்வளவுதான். பாத்திரம் உருண்டால் ஒரு சுளிப்பு. நாற்காலியை இழுத்தால் ஒரு சுளிப்பு. மகள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பாட்டுப் பாடிக்கொண்டேதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். நாள் முழுக்க ஃபேன் சத்தத்துக்குள் நின்றுவிட்டு வந்தவர், காது வலிக்கிறது, கொஞ்சம் சும்மா இரு கண்ணு என்று தன்மையாகத்தான் சொன்னார். அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். தன்மையாகச் சொன்னதுதான், ஆனால் தினமும் சொன்னார். நாளடைவில் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போனது. அவர் உள்ளே நுழைந்தால் வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை என்பார்கள். அவருக்கோ சுற்றம் வீட்டோடுதான் இருந்தது, வாயைத்தான் திறக்கவில்லை. தன் வீடு நன்றாக ஓடுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்பேர்ப்பட்டவர் ஓட்டிய ஸ்கூட்டரைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். ஊரிலேயே அதிகச் சத்தம் போடுகிற வண்டி அது. பழைய பெட்ரோல் வண்டி. சைலன்சரில் ஓட்டை. மெக்கானிக் பற்றவைப்பார், மழை பெய்ததும் மறுபடி துருப்பிடித்து விட்டுப்போகும். தெருமுனையில் மருந்துக்கடை இருக்கிறது. வண்டி அங்கே திரும்பும்போதே டுர்ர்ரென்று தெரு முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தம் தன் மண்டைக்குள்ளேயே இரைவதாக அவர் தினமும் நொந்துகொள்வார். ஊர் ஃபேனுக்கெல்லாம் குறை சொல்கிறவன் இந்தக் கடகடாவில் போகிறானே என்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்களோ என்கிற கூச்சம் வேறு.

அதனால்தான், ஷோரூம்காரன் ஒருவன் மின்சார ஸ்கூட்டர் ஒன்றைத் தொழிற்சாலையில் கொண்டுவந்து நிறுத்தி, யார் வேண்டுமானாலும் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம் என்றபோது, எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவர் வாய்விட்டே சொன்னார்.

“நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க சார். உங்க கையில தப்பிச்சு வந்துடுச்சுன்னா, நாங்க கண்ண மூடிக்கிட்டு வாங்கிடுவோம்.”

எடுத்துக்கொண்டு போனார். கிளப்பியபோது கிளம்பிவிட்டது என்பதே அவருக்குத் தெரியவில்லை. ஓடுகிற வண்டியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பக்கத்தில் போகிற சைக்கிளின் செயின் சத்தம் கேட்டது. சிக்னலில் நின்றபோது, முன்னால் இருந்தவர் போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தது கேட்டது. காதுக்குள் இத்தனை வருஷமாக யாரோ அடைத்து வைத்திருந்த பஞ்சை எடுத்துவிட்டாற்போல் இருந்தது. சந்தோஷப்பட்டார். சந்தோஷப்பட்டாலும் வேலையை விடுகிற ஆளில்லை. மேம்பாலத்தில் ஏறும்போது எவ்வளவு சார்ஜ் இறங்குகிறது என்று பார்த்தார். நெரிசலில் ஊர்ந்துகொண்டு போகும்போது பெட்ரோல் வண்டி மாதிரி சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்தார். வேகத்தடையில் அடிப்பாகம் இடிக்கிறதா, ஈரமான தெருவில் பிரேக் போட்டால் பின்சக்கரம் வழுக்குகிறதா, சீட்டுக்கு அடியில் ஹெல்மெட் வைத்த பிறகு மளிகைப் பைக்கு இடம் இருக்கிறதா என்று சல்லடை போட்டுச் சலித்தார். எங்கும் சாக்கட்டிக்கு வேலை வரவில்லை. ஒன்றே ஒன்றுதான். நடந்து போகிறவர்கள் விலகவில்லை. பின்னால் வண்டி வருவது தெரிந்தால்தானே விலகுவதற்கு. அருகில் போனதும் ஒரு பெரியவர் தூக்கிவாரிப்போட்டு ஒதுங்கினார். அதை அவர் வண்டியின் குறையாகக் கணக்கில் எடுக்கவில்லை. ஹாரன் எதற்கு இருக்கிறது?

அவர் வீடு மாடியில். வெளிப்பக்கமாகப் படிக்கட்டு. படிக்கட்டுக்கு அடியில் வண்டி நிறுத்துகிற இடம், பக்கத்திலேயே மீட்டர் பெட்டியும் பிளக்கும். அதற்கு நேர் மேலே சமையலறை ஜன்னல். அன்று சாயங்காலம் சார்ஜருக்கு ஒயரை மாட்டக் குனிந்தபோது, மேலே சிரிப்புச் சத்தம். ஒரு ஆள் சிரிப்பு அல்ல, மூச்சு முட்டி, அடங்கி, மறுபடி பொத்துக்கொண்டு வருகிற சிரிப்பு. யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தலையைக் கோதிக்கொண்டு படியேறினார். பாதிப் படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். சிரிப்பு கத்தரித்தாற்போல் நின்றது. உள்ளே போனால் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மகள் கையில் புத்தகம்.

யார் வந்தது என்று கேட்டார். யாரும் வரவில்லையே என்றாள் மனைவி.

யாரும் வரவில்லை என்பது உண்மை என்று அவருக்கு மறுநாள்தான் புரிந்தது. மறுநாளும் வண்டி ஓசைப்படாமல் வந்து நின்றது. ஒயரை மாட்டினார். நிமிர்ந்தவர், கால் நகராமல் அப்படியே நின்றுவிட்டார். மேலே யாரோ விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். சும்மா காற்று ஊதுகிற விசில் இல்லை. ஏற்ற இறக்கத்தோடு, வளைவு நெளிவோடு, ஒரு முழுப்பாட்டு. மகளாக இருக்கும் என்று நினைத்தார். அதற்குள் மகளின் குரல், “அம்மா, அந்த எடத்த இன்னொரு தடவை” என்றது. விசிலடித்தது அவர் மனைவி.

கட்டின மனைவிக்கு விசில் அடிக்க வரும் என்பதே அவருக்குத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். கடுகு விழுந்தால் கேட்கிற காதுக்கு இது கேட்கவில்லை.

விசில் முடிந்ததும் மகள் ஆரம்பித்தாள். அப்பா மாதிரி செய்து காட்டினாள் போலிருக்கிறது. “ம்ம்... இந்த நாற்காலியோட பின்னங்கால்ல ஒரு கிர்ரு இருக்கே. ரிஜெக்ட்” என்று குரலை இறக்கிச் சொன்னாள். அச்சு அசல் அவர் குரல். மனைவி விக்கி விக்கிச் சிரித்தாள். பிறகு மகள் வாயாலேயே டுர்ர்ரென்று அவர் பழைய ஸ்கூட்டரை ஓட்டி, “மருந்துக்கடை வந்தாச்சு, எல்லாரும் ஆஃப்” என்றாள். அம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை, போதும்டி போதும்டி என்று கெஞ்சினாள்.

கீழே அவருக்கும் சிரிப்பு வந்தது. உண்மையாகவே வந்தது, நன்றாகத்தான் செய்கிறாள் என்று. அடுத்த நிமிஷமே, சொந்த வீட்டு ஜன்னலுக்குக் கீழே இப்படி ஒளிந்து நிற்கிறோமே என்று திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் ஆனது. வெளியே சொல்லவும் முடியாது. வந்த சிரிப்பை முகத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டு படியேறினார். அதை அப்படியே கொண்டுபோய் அவர்கள் முன்னால் நீட்டிவிட வேண்டும் என்று நினைத்தார்.

உள்ளே போனதும் ஒரு ஜோக் சொன்னார். தொழிற்சாலையில் யாரோ சொன்னது, அவருக்குச் சரியாக ஞாபகம்கூட இல்லை. சொல்லி முடித்துவிட்டு அவரே சிரித்தார். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்பா, உடம்பு ஏதும் சரியில்லையா?” என்றாள் மகள். கேலியாக இல்லை. பயந்துதான் கேட்டாள்.

நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், நீங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருங்கள் என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பேசினார்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, கல்லூரிப் பஸ் ஏன் தாமதம் என்று, அதிகாரி முன்னால் பதில் சொல்கிற மாதிரி பேசினார்கள். அவர் எழுந்து போய்ச் சட்டை மாற்றினார். உள்ளே என்னவோ உராய்ந்தது. எங்கே என்று கண்டுபிடிக்க அவருக்குப் பஞ்சு அடித்த அறை தேவைப்படவில்லை.

அதற்கு அடுத்த நாள்தான் அது நடந்தது. ஜன்னலுக்குக் கீழே நின்று ஒட்டுக்கேட்கக் கூடாது என்று முடிவு செய்து, செருப்புச் சத்தம் கேட்டால் அடங்கிவிடுவார்களே என்று செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு நேராக மேலே போனார். கதவு திறந்திருந்தது. மனைவி அடுப்பிலிருந்து வெந்நீர்ப் பாத்திரத்தை இறக்கிக்கொண்டே விசில் அடித்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்று கேட்டார். நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததால்தான் நின்றார், வேறு காரணம் இல்லை. அவள் திரும்பினாள். கணவனைப் பார்த்தவளின் முகத்தில் ஈயாடவில்லை. பாத்திரம் கைநழுவிக் கீழே விழுந்தது. வெந்நீர் பாதத்தில் கொட்டியது.

மகள் ஓடிவந்து குளிர்ந்த தண்ணீரை ஊற்றினாள். அவர் மருந்து எடுத்து வந்து தரையில் உட்கார்ந்து மனைவியின் காலைத் தன் மடியில் வைத்துத் தடவினார். நல்லவேளை, தோல் சிவந்ததோடு போயிற்று. பாத்திரம் விழுந்த சத்தத்துக்கு அவர் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அந்த வலியிலும் அவள் முதலில் அதைத்தான் பார்த்தாள், சுளிக்கிறாரா என்று. அது அவருக்குத் தெரிந்தது.

“வண்டி நல்லா இருக்குன்னு சொல்றீங்க. இருக்கட்டும்” என்றாள். “ஆனா நீங்க வர்றது எங்களுக்குத் தெரியல.”

“தெரிஞ்சா என்ன பண்ணுவே?”

“தெரிஞ்சா தயாரா இருப்போம்.”

“எதுக்குத் தயாரா?”

அவள் காலை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். “நீங்க வரும்போது வீடு எப்படி இருக்கணுமோ, அப்படி இருக்க” என்றாள். கோபமில்லை, குத்தலும் இல்லை. வீட்டில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னாள்.

அவர் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தவித்தார். வாழ்நாள் முழுக்கக் குறை சொல்லியே பழகிய நாக்கு, நிறை சொல்ல எங்கே போகும்? கடைசியில், எழுந்து நிற்கும்போது, “நீ விசில் அடிக்கிறியே” என்றார். நன்றாக அடிக்கிறாய் என்றுதான் அடுத்து சொல்ல வந்தார்.

“இனிமே அடிக்க மாட்டேங்க” என்றாள் அவள்.

அதன்பிறகு அடிக்கவும் இல்லை. அவர் அடுத்த சாயங்காலம் ஒயரை மாட்டிவிட்டு நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. அதற்கடுத்த சாயங்காலமும் நின்றார். வெட்கத்தை விட்டு வெகுநேரம் நின்றார். மேலே ஒரு பேச்சு இல்லை, ஒரு பாத்திரம் இல்லை. கூடத்து ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையால் பாஸ் ஆன ஃபேன். அது ஓடுவதும் கேட்கவில்லை. படியேறி உள்ளே போனபோதுதான் கவனித்தார். எப்போதும் சமையலறை ஓரத்தில் கிடக்கும் மகளின் நாற்காலி, தெருவைப் பார்க்கிற ஜன்னலுக்கு இடம் மாறியிருந்தது. அங்கிருந்து பார்த்தால் மருந்துக்கடைத் திருப்பம் தெரியும். அவள் மடியில் புத்தகம் இருந்தது. கண் புத்தகத்தில் இல்லை.

அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது. சத்தம் போடுகிற வண்டி இருந்தவரைக்கும், அவர் வருகிற நேரம்வரை அந்த வீடு அவர்களுடையது. டுர்ர் கேட்கும்வரை சிரிக்கலாம், பாடலாம், அப்பாவைக் கேலி செய்யலாம். இந்த வண்டியோ எந்த நிமிஷமும் வந்து நிற்கும். எந்த நிமிஷமும் வரலாம் என்றால் எந்த நிமிஷத்திலும் சிரிக்க முடியாது. இத்தனை வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருந்த அமைதியை இப்போது நாள் முழுவதற்கும் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு அமைதியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. நீங்கள் சிரியுங்கள் என்று உத்தரவு போட்டுச் சிரிக்கவைக்க முடியாது என்பது அவருக்கு அதற்குள் புரிந்திருந்தது. கெஞ்சிக் கேட்டால் அவர்கள் சிரித்துக்கூடக் காட்டுவார்கள். அதைவிடக் கொடுமை வேறு வேண்டாம்.

வாரம் முடிந்ததும் வண்டியை ஷோரூமில் கொண்டுபோய் நிறுத்தினார். ஷோரூம்காரன் கொஞ்சம் நடுங்கிக்கொண்டுதான் வந்தான். அவர் பெயர் அவன் காதுக்கும் எட்டியிருந்தது.

“என்ன குறை சார்?”

“ஒண்ணும் இல்ல. நல்ல வண்டி.”

“அப்போ புக் பண்ணிடலாமா சார்?”

“வேண்டாம்.”

அவன் திகைத்துப்போனான். நிறம் பிடிக்கவில்லையா, தவணை அதிகமா, சார்ஜ் போட வசதியில்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் இல்லையென்று தலையை ஆட்டினார். போகும்போது மட்டும், “வண்டி மேல தப்பு இல்ல, தம்பி” என்றார்.

தொழிற்சாலையிலும் அதையே சொன்னார். குறை இல்லை, தாராளமாக வாங்கலாம் என்று. பாதிப் பேர் நம்பி வாங்கினார்கள். மீதிப் பேர், அவரே வாங்கவில்லையே, உள்ளே ஏதோ இருக்கிறது, சொல்லாமல் மறைக்கிறார் என்று பின்வாங்கினார்கள். சரியான கஞ்சன் என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. குறையுள்ள பொருளைத் தள்ளித் தள்ளிப் பெயர் வாங்கியவர், முதல்முறையாகக் குறையே இல்லாத ஒன்றைத் தள்ளியிருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது.

பழைய ஸ்கூட்டர் ஒரு வாரம் நின்றதில் கிளம்ப மறுத்தது. மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனார். மெக்கானிக் அதைச் சரிசெய்துவிட்டு, சைலன்சரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“ஓட்டை பெருசாயிடுச்சு சார். புதுசாவே மாத்திடலாம். சத்தமே இருக்காது.”

“இருக்கட்டும்.”

“இப்படியே விட்டா தெருவே எந்திரிச்சு நிக்கும் சார்.”

“தெருமுனையில திரும்பறப்போ வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்குக் கேக்குமா?”

“அடுத்த தெருவுக்கே கேக்கும்.”

“அப்ப சரி” என்றார்.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூடிப் பேசியதாகக் கதை சொல்வோம். பூனையே கடைக்குப் போய், மணி கழுத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்ததாக நான் எந்தக் கதையிலும் கேட்டதில்லை. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். அவர் அன்று மெக்கானிக் கடை வாசலில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்திருந்தால் நமக்குச் சிரிப்பு வந்திருக்காது.

முதல் நாள் மருந்துக்கடைத் திருப்பத்தில் வண்டியை மெதுவாக்கி, தேவையே இல்லாமல் முறுக்கினார். டுர்ர்ரென்று தெரு அதிர்ந்தது. மருந்துக்கடைக்காரர் எரிச்சலோடு எட்டிப் பார்த்தார். மாடி ஜன்னலில் மகளின் தலை தெரிந்தது. உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போனது. வீட்டில் மனைவி புது வண்டி என்னவாயிற்று என்று கேட்டாள். ரிஜெக்ட் என்றார். மகள் புத்தகத்துக்குப் பின்னால் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டதும் அவர் காதில் விழுந்தது. அந்தப் பாழும் காதில் எதுதான் விழாமல் போயிருக்கிறது, விழ வேண்டியதைத் தவிர.

அதன்பின் தினமும் அப்படித்தான். மருந்துக்கடை வந்ததும் முறுக்குவார். படிக்கட்டுக்கு அடியில் நிறுத்தி, பூட்டுவதற்கு வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொள்வார். பிளக் பக்கம் போவதில்லை. ஜன்னலை அண்ணாந்து பார்ப்பதில்லை. செருப்பைத் தேய்த்துத் தேய்த்துப் படியேறுவார். உள்ளே போகும்போது எல்லாம் அதது அந்தந்த இடத்தில் இருக்கும். மனைவி அடுப்பருகில், மகள் புத்தகத்தோடு. கண்ணில் மட்டும் சில நாள் சிரித்து முடித்த ஈரம் மிச்சமிருக்கும். அவர் அதைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொள்வார்.

சில நாள் போன பிறகு ஒரு சாயங்காலம். திருப்பத்தில் வழக்கம்போல் முறுக்கிக்கொண்டே தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்தார். ஜன்னல் காலியாக இருந்தது. நாற்காலி அதன் பழைய இடத்துக்கே போய்விட்டது போலிருக்கிறது. இனி அவர் வருகிறாரா என்று யாரும் காத்திருந்து பார்க்க வேண்டியதில்லை. வண்டியை இன்னும் மெதுவாக்கி, இன்னும் ஒரு தடவை நன்றாக முறுக்கிவிட்டு, வீட்டை நோக்கிப் போனார்.